குழந்தையின் பல்லில் சீழ் கட்டினால்: முதல் ராத்திரியிலிருந்து சிகிச்சை முடியும்வரை

பல்வலி நேரம் பார்த்து வராது என்பார்கள். எங்கள் வீட்டில் அது நன்றாகவே நேரம் பார்த்து வந்தது. சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. ஊரில் இருக்கிற பல் கிளினிக் எல்லாம் சாத்தியாகிவிட்டது, மறுநாள் ஞாயிறு. நாலு வயது மகள் வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலமே முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு வேண்டாம் என்று வைத்தாள். அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அந்த ராத்திரியில் தொடங்கி ரெண்டு மாதத்துக்கு மேல் இழுத்த கதை அது. அதில் கற்றுக்கொண்டதை, முதல்முறை இதைச் சந்திக்கிற அம்மா அப்பாக்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்களுக்குச் சிகிச்சை செய்தவரிடம் நச்சரித்து நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி இருந்தபோது நாங்கள் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. வலி நின்ற பிறகுதான் செய்தோம்.

முதல் வேலை: டார்ச் அடித்துப் பாருங்கள்

அழுகிற குழந்தையின் வாயைத் தனியாளாகப் பார்க்க முடியாது. பெரியவர்கள் ரெண்டு பேர் எதிரெதிரே நாற்காலி போட்டு, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்காருங்கள். குழந்தை ஒருவர் மடியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, அப்படியே மல்லாக்கச் சாய்ந்தால் தலை மற்றவர் மடியில் வந்துவிடும். முதல் ஆள் கைகளைப் பிடித்துக்கொள்ள, தலைமாட்டில் இருப்பவர் செல்போன் வெளிச்சத்தில் உதட்டையும் கன்னத்தையும் விரலால் ஒதுக்கிப் பார்க்கலாம். சின்னக் குழந்தைகளைப் பல் டாக்டர்களே இப்படித்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் மகளுக்குக் கீழ் வரிசையில் கடைசிப் பல். மேலிருந்து பார்த்தால் ஊசித் துவாரம் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அதற்கு நேர் கீழே, கன்னப் பக்கத்து ஈறில், வெந்த ஜவ்வரிசி அளவுக்கு ஒரு கொப்புளம். நுனி மட்டும் மஞ்சள். சுற்றி ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது. வாயிலிருந்து ஒரு மாதிரி கெட்ட வாடை.

இத்தனை சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய கூத்தா என்று தோன்றும். பால் பல்லின் அமைப்பு அப்படி. வெளியே இருக்கிற எனாமல் மெல்லியது. உள்ளே இருக்கிற நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த சதை, பல்லின் அளவுக்கு ரொம்பப் பெரியது. ரெண்டு கடைவாய்ப் பற்கள் உரசி நிற்கிற இடத்தில் சொத்தை விழுந்தால் வெளியே தெரியாமலே உள்ளே குடைந்து சதையைத் தொட்டுவிடும். சதை அழுகிச் செத்ததும் கிருமி வேர்ப் பக்கம் இறங்கி எலும்பில் சீழ் கட்டுகிறது. பால் கடைவாய்ப் பல்லில் ரெண்டு மூன்று வேர்கள் விரிந்து நிற்கும். சீழ் அந்தக் கவட்டை வழியாகவே வெளியேறப் பார்ப்பதால், கொப்புளம் பெரும்பாலும் பல்லை ஒட்டிய ஈறிலேயே வந்து நிற்கிறது.

கொப்புளம் இல்லாமலும் இருக்கலாம். கடித்தால் வலி, தூக்கத்தில் எழுந்து அழுவது, ஒரே பக்கமாக மெல்லுவது, ஒரு பல் மட்டும் ஆடுவது, பல் சாம்பல் நிறமாக மாறுவது ஆகியவையும் அடையாளங்கள். விழுந்து அடிபட்ட முன்பல் சில மாதம் கழித்துக் கறுத்து, அதன் மேல் ஈறில் கொப்புளம் வருவதும் உண்டு. அங்கே சொத்தையே இருக்காது.

கன்னம் வீங்கியிருந்தால் வீட்டில் ஒருவராவது "பொன்னுக்கு வீங்கி" என்பார். எங்கள் வீட்டில் அம்மாச்சி அதைச் சொல்லிவிட்டு, பீரோவில் இருந்த தங்கச் சங்கிலியையும் எடுத்து வந்துவிட்டார். சந்தேகம் நியாயமானதுதான். அரசு தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் தனியாரிடம் போட்டால்தான் சேரும். அதனால் அந்த நோய் இன்னும் நம் ஊரில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வித்தியாசம் இதுதான்: பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும், காது மடலை மேலே தூக்கிவிடும். பல நேரம் ரெண்டு பக்கமும் வரும். பல் வீக்கம் கன்னத்திலோ தாடை எலும்பின் ஓரத்திலோ இருக்கும். வாயைத் திறந்தால் அதே பக்கம் கெட்டுப்போன பல் ஒன்று கண்ணில் படும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் குழந்தை டாக்டரிடமே காட்டிவிடுங்கள்.

அடுத்தது: காத்திருக்கலாமா, ஓட வேண்டுமா

ஈறில் கொப்புளம் மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, குழந்தை தண்ணீர் குடிக்கிறது, விளையாடவும் செய்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்கலாம். ஞாயிறு குறுக்கே வந்தால் திங்கள்வரைகூடப் பொறுக்கலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்:

- கன்னத்து வீக்கம் கண்ணை நோக்கி ஏறுகிறது, அல்லது கண் இமை வீங்கி மூடிக்கொள்கிறது
- தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குகிறது. தொட்டால் கல் மாதிரி இறுகியிருக்கிறது
- நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கு மேலே தூக்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது
- எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிடுகிறது, மூச்சு விடச் சிரமப்படுகிறது
- வாயை ரெண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை
- 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு துவண்டு கிடக்கிறது, எதுவும் குடிக்கவில்லை, சிறுநீர் போவது குறைந்துவிட்டது

இந்த நிலையில் பல் கிளினிக்கைத் தேடி அலைய வேண்டாம். குழந்தைகள் வார்டும் அவசரப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் அதுவே சரி. மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ்த்தாடைச் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் நாக்கைப் பின்னால் தள்ளி மூச்சுக் குழாயை அடைத்துவிடும். மேல்தாடைச் சீழ் கண் குழிக்குள் போகும். அபூர்வம்தான், ஆனால் சில மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை முற்றிவிடும். அங்கே ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி, தேவைப்பட்டால் சீழைக் கீறி எடுப்பார்கள்.

வீக்கம் பரவுகிறதா என்று ராத்திரியில் எப்படிக் கண்டுபிடிப்பது? பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைக் குழந்தையின் கன்னத்திலேயே லேசாகக் கோடு போட்டுவிடுங்கள். ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. மறுநாள் டாக்டரிடம் "இவ்ளோதான் இருந்துச்சு டாக்டர்" என்று கையை விரித்துக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த ராத்திரியைக் கடத்துவது: மருந்து

பாரசிட்டமால்தான் முதல் மருந்து. அளவு வயதைப் பொறுத்தது இல்லை, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்வரை ஒரு வேளைக்கு. நாலிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது.

இதில் சறுக்குவது சிரப் பாட்டிலில்தான். ஒரே மருந்து பல அடர்த்திகளில் விற்கிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். எங்கள் மகள் 15 கிலோ. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225, அதுதான் அவளுக்கு ஒரு வேளையின் உச்ச அளவு. 120 உள்ள பாட்டிலில் அது 9 மில்லி சொச்சம். 250 உள்ளதில் நாலரை மில்லி. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ரெண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. போன தடவை காய்ச்சலுக்குக் கொடுத்த ஞாபகத்தில் "ஒம்பது மில்லி" என்று நான் ஊற்றியது 250 பாட்டிலிலிருந்து. மூடி அவள் வாய்க்குப் போகும் முன்பு வீட்டுக்காரர் லேபிளைப் படித்தார், பிழைத்தோம். அது ரெட்டைப் பங்கு. ஒரு தடவை அப்படிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அதே தப்பை ரெண்டு நாள் வேளாவேளைக்குச் செய்தால் ஈரல் தாங்காது. சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். பாட்டிலோடு வருகிற மூடியோ சிரிஞ்சோ போதும். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு முறை கொடுப்பீர்கள்.

பல்வலிக்கு இபுபுரூஃபன் நன்றாகக் கேட்கும், ஆனால் அதில் நிபந்தனைகள் உண்டு. வெறும் வயிற்றில் கூடாது. குழந்தை தண்ணீர் குடிக்காமல் வறண்டு இருந்தால் கூடாது. அம்மை போட்டிருந்தால் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சல் பல்லால் வந்ததா டெங்குவா என்று சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, இபுபுரூஃபனும் பாரசிட்டமாலும் கலந்த சிரப்பே கடையில் நிறைய விற்கிறது. அதைக் கொடுத்துவிட்டு "இது வலிக்கு, அது காய்ச்சலுக்கு" என்று தனியாகப் பாரசிட்டமாலும் கொடுத்தால் ஒரே மருந்து ரெண்டு தடவை உள்ளே போகிறது.

நிமிசுலைடு என்கிற வலி மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆஸ்பிரினும் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மருந்து தவிர சில சின்ன விஷயங்கள் உதவும். தட்டையாகப் படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி வலி விண்விண்ணென்று தெறிக்கும், அதனால் கூடுதலாக ஒரு தலையணை வையுங்கள். கன்னத்தின் வெளிப்பக்கம், ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். குழைந்த ரசஞ்சாதம், ஆறிய கஞ்சி, மோர் ஆகியவை இறங்கும். துப்பத் தெரிந்த குழந்தை என்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லலாம். துப்பத் தெரியாததை வற்புறுத்தாதீர்கள், குடித்துவிடும்.

செய்யக்கூடாதவை

நம் வீடுகளில் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. விடிவதற்குள் எங்களுக்கு வந்த யோசனைகளை மட்டும் சொல்கிறேன்.

கிராம்புத் தைலம்: பெரியவர்களின் பல்லுக்குப் பஞ்சில் தொட்டு வைப்பது வேறு விஷயம். சின்னக் குழந்தையின் ஈறை அது பொத்துவிடும். கொஞ்சம் விழுங்கிவிட்டால் ஈரலுக்கு நஞ்சு. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சூடான ஒத்தடம், மஞ்சள் சுண்ணாம்புப் பத்து: கட்டி பழுத்து உடையும் என்பதுதான் இதன் கணக்கு. பல் கட்டியில் அது வெளித் தோல் பக்கமாகவும் உடையலாம். அப்புறம் கன்னத்தில் காலத்துக்கும் குழி விழும். சுண்ணாம்பு வாய்க்குள் பட்டால் வெந்துவிடும்.

ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது: வேண்டாம். தானாக உடைந்தால் பயப்படவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, வாயைக் கழுவிவிடுங்கள். கொஞ்சம் சீழ் வயிற்றுக்குள் போனதால் ஒன்றும் ஆகிவிடாது.

மரத்துப்போகிற ஜெல்: ரெண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பென்சோகெயின் உள்ள ஜெல் தடவினால், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கிற வேலையே கெட்டுப்போகலாம். பெரிய குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

அப்புறம் புழு எடுப்பது. கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாயில் காட்டினால் பல்லில் இருக்கிற புழு விழும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அம்மாச்சிக்கு ஆள்கூடத் தெரியும். சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்றே சொல்லிப் பழகிய நமக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. பல்லைக் குடைவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா சாப்பாட்டுச் சர்க்கரையைத் தின்று கக்குகிற அமிலம். புழு எதுவும் அதில் கிடையாது.

நாங்கள் ஏமாந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னம் லேசாக வீங்கி 100 டிகிரி காய்ச்சலும் இருந்ததால், திறந்திருந்த ஒரு மருத்துவமனையில் காட்டினோம். பணியில் இருந்த டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து, "நாளைக்கே பல் டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார். திங்கட்கிழமை மத்தியானமே வீக்கம் பாதியாகிவிட்டது. செவ்வாய் கொப்புளம் உடைந்து வற்றியது. புதன்கிழமை அவள் முறுக்கு கேட்டாள். சரி, ஆகிவிட்டது என்று நினைத்தோம். பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது. பொங்கல் வருகிறது, முடியட்டும், பிறகு பார்க்கலாம். பொங்கலும் போனது.

ரெண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அதே ஜவ்வரிசி. இந்த முறை வலியே இல்லை. அதுதான் மோசம் என்று பின்னால் தெரிந்தது. செத்த நரம்பு வலிக்காது. சீழுக்கு வெளியேற ஒரு வழி கிடைத்துவிட்டால் உள்ளே அழுத்தமும் இருக்காது. குழந்தை சாப்பிடும், சிரிக்கும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆன்டிபயாட்டிக் ஏன் இதைத் தீர்ப்பதில்லை என்பதைச் சிகிச்சை செய்த டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். மருந்து ரத்தத்தில் போகிறது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அதனால் மருந்து சுற்றியிருக்கிற வீக்கத்தை வற்ற வைக்குமே தவிர, பல்லுக்குள் குடியிருக்கிற கிருமியைத் தொடாது. தண்ணீர்த் தொட்டிக்குள் எலி செத்துக் கிடக்க, அதை எடுக்காமல் மேலே பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டே இருப்பதுபோலத்தான். காய்ச்சலோ முக வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் அவசியம். ஈறில் கொப்புளம் மட்டும் இருந்தால் பல டாக்டர்கள் அதை எழுதவே மாட்டார்கள். எழுதவில்லை என்று மனக்குறைப்பட வேண்டாம். மெடிக்கலில் போய் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். பவுடராக வருகிற சிரப்பில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கியது பெரும்பாலும் ஒரு வாரம்தான் தாங்கும், மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

பால் பல் விழத்தான் போகிறது என்பதும் பாதி உண்மை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் எட்டும் 10, 12 வயதுவரை வேலை செய்ய வேண்டியவை. நாலு வயதில் அழுகுகிற பல்லுக்கு இன்னும் ஏழெட்டு வருட வேலை பாக்கி இருக்கிறது. அதோடு, அந்தப் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் அடுத்து வரப்போகிற நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் நின்றுகொண்டே இருந்தால் அதன் எனாமல் கெட்டு, முளைக்கும்போதே மஞ்சள் பழுப்புத் திட்டோடு, குழிகுழியாக வரலாம்.

எங்கே போவது

குழந்தைப் பல்லுக்கென்றே எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். போர்டில் 'பீடோடான்டிஸ்ட்' என்றோ 'குழந்தைகள் பல் மருத்துவர்' என்றோ இருக்கும். கிடைத்தால் அவரிடமே போங்கள், அழுகிற குழந்தையைக் கையாளுவது அவர்களுக்குப் பழக்கம். செலவு இடித்தால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனித் துறையே உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆகிற செலவில் ஒரு பங்குதான் ஆகும். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் அதிகம் எடுக்கும், அதற்குத் தயாராகப் போக வேண்டும். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 104 உதவி எண்ணில் கேட்கலாம்.

போகும்போது குழந்தையின் எடை, கொடுத்த மருந்துகளின் பாட்டில், பழைய சீட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் ஓட்டை, வலிப்பு, ஆஸ்துமா, ரத்தம் உறையாத தன்மை, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்குப் பல்லில் கை வைப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தையிடம் என்ன சொல்வது என்பது தனிக் கலை. "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று வருடக்கணக்கில் மிரட்டிவிட்டு, அதே டாக்டரிடம் கூட்டிப் போய் "மாமா ஒண்ணும் பண்ண மாட்டார்" என்றால் எந்தக் குழந்தை நம்பும்? "வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "பல்லுக்குள்ள அழுக்கு இருக்கு, டாக்டர் கழுவி விடுவார், நான் பக்கத்துலயே இருப்பேன்" என்பது போதும். காலை நேரமாக அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். தூக்க நேரத்தில் கூட்டிப் போவதைப் போல ஒரு தப்பு இல்லை.

டாக்டர் என்ன செய்வார்

முதலில் எக்ஸ்ரே. ஒரு பல் அளவுக்குச் சின்னப் படம், கதிர்வீச்சு மிகக் குறைவு. வேர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எலும்பு எவ்வளவு போயிருக்கிறது, அடியில் நிரந்தரப் பல் எங்கே நிற்கிறது என்று அதில்தான் தெரியும். அதைப் பார்க்காமல் "பிடுங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

காப்பாற்ற முடிகிற பல் என்றால் வேர் சிகிச்சை. ரூட் கெனால் என்றதும் பலர் "பால் பல்லுக்குமா?" என்கிறார்கள். ஆமாம், பால் பல்லுக்கும் உண்டு. அழுகிய சதையை எடுத்து, வேர்க் குழாய்களைக் கழுவி, உள்ளே ஒரு பசையை நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு அடைப்பது கரையாத பொருள். குழந்தைக்கு அடைப்பது வேரோடு சேர்ந்து கரைகிற பசை. இல்லாவிட்டால் அடியிலிருந்து வருகிற நிரந்தரப் பல்லை அது மறித்துக்கொள்ளும். மேலே ஸ்டீல் கேப் ஒன்று போடுவார்கள். வெள்ளியாகப் பளபளக்கும், குழந்தைகளுக்குப் பிடித்துத்தான் போகிறது. பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழுந்துவிடும். காசு மிச்சம் என்று கேப் வேண்டாம் என்காதீர்கள், உள்ளே காலியான பல் கடிக்கும்போது உடைந்துவிடும். ரெண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கலாம்.

வேர் பெரும்பகுதி கரைந்துவிட்டது, எலும்பு நிறையப் போய்விட்டது, பல் ரொம்ப ஆடுகிறது, கேப் மாட்டப் பல்லே மிச்சம் இல்லை என்றால் எடுப்பதுதான் சரி. எங்கள் மகளின் எக்ஸ்ரேயில் ரெண்டு வேருக்கும் நடுவே கட்டைவிரல் ரேகை வைத்தாற்போல் ஒரு கறுப்புத் திட்டு, ஒரு வேர் பாதிதான் இருந்தது. "அப்பவே வந்திருந்தா ட்ரை பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மரத்துப்போகிற ஊசி விஷயத்தில் ஒன்று: சீழ் மும்முரமாக இருக்கிற இடத்தில் ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அதனால் முதல் நாள் சீழை வடியவிட்டு அனுப்பி, சில நாள் கழித்து மிச்ச வேலையைச் செய்வதுண்டு. இழுத்தடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நிறையப் பற்கள் கெட்டு, உட்காரவே மாட்டேன் என்கிற குழந்தைக்கு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். அதற்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடோ பாலோ கூடாது. தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் ரெண்டு மணி நேரம். அழுகிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு அதை மறைத்தால், மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பல் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, சூடாக எதுவும் வேண்டாம். எச்சிலில் லேசாகச் சிவப்புத் தெரிவது சகஜம். வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டே இருந்தால் திரும்பப் போங்கள்.

யாரும் அவ்வளவாகச் சொல்லாத ஆபத்து உதடு. மரத்த உதடு குழந்தைக்கு வேடிக்கையாக இருக்கும். மென்றுகொண்டே இருக்கும், வலி தெரியாது. மரப்பு விலகும்போது உதடு பிய்ந்து வீங்கியிருக்கும். ரெண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் மறுநாள் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சீழ் என்று பதறாதீர்கள், புண் ஆறுகிற படலம் அது.

எடுத்த பல்லை மகள் கையோடு வாங்கி வந்தாள். அம்மாச்சி சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறியச் சொன்னார். எங்களுடையது மூன்றாவது மாடி ஃபிளாட். பல் இன்னும் பீரோவில், தங்கச் சங்கிலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மற்றப் பற்களையும் அதே வாரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று இந்த அளவுக்குப் போயிருந்தால் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் சின்னதாக ஆரம்பித்திருக்கும், சும்மா அடைத்தே முடித்துவிடலாம். ராத்திரி பால் பாட்டிலோடு தூங்க வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஃபுளோரைடு பேஸ்ட் மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ஏழெட்டு வயதுவரை பிரஷ்ஷை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அவளே தேய்த்துக்கொள்கிறாள் என்று மூன்று வயதிலிருந்து பெருமைப்பட்டவர்கள் நாங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க வருகிற அரசு மருத்துவக் குழு (ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள்) பல்லையும் பார்க்கும். சீட்டில் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, பல் எடுத்த இடம். பால் முன்பல் போனால் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. கடைவாய்ப் பல் போனால் பின்னால் இருக்கிறதும் ஆறு வயதில் வருகிறதும் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது. அதைத் தடுக்க, பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பி வளைவை நீட்டி இடத்தைக் காத்து வைப்பார்கள். 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்று கேட்டால் புரியும். எடுத்த அன்றே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள், அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நாலு மாதத்துக்கு ஒரு தடவையாவது காட்டி, வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கமர்கட்டும் பபிள்கம்மும் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழன்று வந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு அந்த வாரத்துக்குள் எடுத்துப் போங்கள். கம்பி வளையாமல் இருந்தால் அதையே கழுவித் திரும்ப ஒட்டிவிடுவார்கள்.